சூரிய மின் தகடு: மலை விவசாயிகள் போட வேண்டிய கணக்கு

நீலகிரியில் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் பயிரிடுவோரும் சிறு தேயிலை விவசாயிகளும் நீர் இறைக்கவும், விளக்கு எரிக்கவும், கூடலூர், பந்தலூர் பக்கம் யானை வேலிக்கும் சூரிய மின் தகடுகளை வாங்கி வருகின்றனர். "எங்கள் தகடு 22 சதவீதத் திறன் உள்ளது" என்பதே விற்பனையாளரின் முதல் பேச்சாக இருக்கிறது. திறன் கூடினால் மின்சாரமும் கூடும் என்று நம்பி, நகையை அடகு வைத்துக்கூட விலை உயர்ந்த தகட்டை வாங்குவோர் உண்டு. இச்செலவு தேவைதானா என்று பார்ப்போம்.

தகட்டின் மீது விழும் வெயிலில் எத்தனை பங்கு மின்சாரமாக மாறுகிறது என்பதே திறன் ஆகும். ஆனால் கடையில் நாம் வாங்குவது திறனை அல்ல, வாட்டை. 17 சதவீதத் திறன் உள்ள தகடுகளில் 1,000 வாட் பெற சுமார் 63 சதுர அடி வேண்டும். 21 சதவீதத் தகடுகளில் 51 சதுர அடி போதும். ஒரே வெயிலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரத்தையே தரும். மிச்சமாவது 12 சதுர அடி இடம் மட்டுமே.

கணக்குக்காக, சாதாரணத் தகடு வாட்டுக்கு 25 ரூபாய், உயர்திறன் தகடு 32 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 1,000 வாட்டுக்கு 7,000 ரூபாய் வித்தியாசம். அதே பணத்தில் சாதாரணத் தகட்டில் இன்னும் 280 வாட் வாங்கி விடலாம். தோட்டத்தில் வெயில் படும் தரிசு நிலம் நாலு அடி கூடுதலாகக் கிடைக்குமானால் இதுவே லாபம். இடம் குறுகியதாக இருந்தால் கணக்கு மாறும். லைன் வீட்டின் சிறு கூரை, காய்கறி ஏற்றும் வேனின் மேல்தளம், உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் சுற்றுலா வண்டி ஆகியவற்றில் இடத்தை நீட்ட முடியாது. அங்கு உயர்திறன் தகட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை. தாங்கிச் சட்டத்தின் இரும்புச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில சமயம் விலை வித்தியாசத்தில் பாதியை அது ஈடு செய்து விடும்.

மலையின் குளிர்ச்சி நமக்குச் சாதகமானது. தகடுகளின் வாட் அளவு 25 டிகிரி வெப்பத்தில் கணக்கிடப்படுகிறது. அதற்கு மேல் தகடு சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். சமவெளிக் கோடையில் தகடு 60 டிகிரியைத் தாண்டும். உதகையில் அவ்வளவு சூடேறாது. ஆகவே 'சூட்டைத் தாங்கும் ரகம்' என்று சொல்லி வாங்கும் கூடுதல் விலை கோவைக்காரருக்குப் பயன்படும் அளவு நமக்குப் பயன்படாது.

நிழல் விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. தகட்டின் சில்லுகள் சங்கிலி போல் இணைக்கப்பட்டவை. சில்வர் ஓக்கின் ஒரு கிளை நிழல் தகட்டின் பத்தில் ஒரு பாகத்தை மறைத்தால், இழப்பு மூன்றில் ஒரு பங்காகக் கூட இருக்கலாம். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் நாளில் காலை 9 மணி, நண்பகல், பிற்பகல் 3 மணி என மூன்று வேளையும் இடத்தைப் பார்த்த பிறகே தகட்டை வாங்குக. தெற்கு நோக்கி 11 முதல் 15 டிகிரி சாய்வு நமக்கு ஏற்றது. முத்தோரையில் 1970ல் அமைந்த ரேடியோ தொலைநோக்கி, உதகையின் அட்சரேகைக்குச் சமமாகச் சுமார் 11 டிகிரி சரிந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்துக் கட்டப்பட்டது. அத்தகைய தென்சரிவு உள்ளவர் பாக்கியசாலி. வடசரிவுக்காரர் உயரமான தாங்கிக்குச் செலவிட வேண்டும். பிற்பகலில் மேகமும் மஞ்சும் சூழும் இடங்களில் சற்றே தென்கிழக்காகத் திருப்பி வைப்பது நல்லது.

இனி எத்தனை வாட் வேண்டும் என்பது. 10,000 லிட்டர் நீரை 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, பம்பின் இழப்பையும் சேர்த்துச் சுமார் 2 யூனிட் செலவாகும். நல்ல வெயில் நாளில் 1,000 வாட் தகடு ஏறக்குறைய 4 யூனிட் தரும். மஞ்சு மூடிய நாளில் ஒரு யூனிட் கிடைப்பதும் கடினம். பம்புக்கு இது பெரிய குறையல்ல. மழை நாளில் பாசனம் எதற்கு? விளக்குக்கும் வேலிக்கும் அப்படியில்லை. பலா பழுத்து யானை இறங்கும் காலமும் தென்மேற்குப் பருவமழையும் கூடலூரில் ஒன்றாகவே வருகின்றன. எனவே வேலிக்கான தகட்டை ஜூலை மாத வெளிச்சத்துக்குக் கணக்கிட்டு வாங்க வேண்டும்; ஏப்ரல் வெயிலுக்கு அல்ல. காப்புக்காட்டை ஒட்டிய நிலத்தில் மின்வேலி அமைக்க 2023ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறையின் அனுமதியும் பெற வேண்டும்.

பனிக்காலத்துக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பர், ஜனவரியில் உறைபனியிலிருந்து தேயிலையையும் உருளையையும் காக்கத் தெளிப்பு நீர் விடுவது விடியற்காலையில். அப்போது சூரிய பம்பு ஓடாது. இதற்காகப் பெரிய பாட்டரி வாங்கச் சொல்வார்கள்; வாங்க வேண்டாம். மலைச்சரிவே நமக்குப் பாட்டரி. பகலில் மேல் தட்டில் உள்ள தொட்டிக்கு நீரை ஏற்றி வைத்தால், ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். தொட்டி 25 மீட்டர் உயரத்தில் இருந்தால் சாதாரணத் தெளிப்பான் நன்கு சுழலும். ஈய அமிலப் பாட்டரியைச் சில ஆண்டுகளில் மாற்றியாக வேண்டும். தொட்டி வெகுகாலம் உழைக்கும். விளக்குக்கு லித்தியம் பாட்டரி வைப்பவர்கள் அதை வீட்டுக்குள் வைக்கவும். பூஜ்ய டிகிரிக்குக் கீழே அதற்கு மின்னேற்றினால் கெட்டுவிடும்.

கிணற்றுக்கு ஏற்கெனவே இலவச மின் இணைப்பு உள்ளவர் சொந்தப் பணத்தில் சூரிய பம்பு வாங்க அவசரப்பட வேண்டியதில்லை. இணைப்பு இல்லாதவர் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மானிய ஒதுக்கீடு பற்றிக் கேட்ட பின் கடைக்குச் செல்லலாம். தகட்டின் பின்புற அட்டையில் வாட் அளவையும், ஐ.எஸ். 14286 என்ற தர எண்ணையும் பார்த்து வாங்குக. 25 ஆண்டு உத்தரவாதம் என்பது பெரும்பாலும் உற்பத்தி குறையாது என்பதற்குத்தான். கண்ணாடி, சட்டம், இணைப்புப் பெட்டி ஆகியவற்றுக்கான உத்தரவாதம் அதைவிடக் குறைவு. அதைத் தனியாக எழுதி வாங்கிக் கொள்ளவும்.