பிறந்த ஆறு தேடி

நுழையும்முன்
ஓர் உயிரினம் தழைப்பதற்குத் தாயின் முயற்சி மட்டும் போதாது; ஓடும் நீரும் தடையற்ற வழியும் வேண்டும். சால்மன் மீனின் வாழ்வு இவ்வுண்மையை விளக்குகிறது.

வலசை
பசிபிக் பெருங்கடலில் வாழும் சால்மன் இனங்களுள் மிகப் பெரியது சினூக். ஆற்றில் பிறந்து கடலில் வளரும் இம்மீன், சில ஆண்டுகளில் முதிர்ச்சியுற்றதும் தான் பிறந்த ஆற்றின் மணத்தை அறிந்து அங்கேயே திரும்புகிறது. நன்னீரில் நுழைந்தபின் அது இரை உண்பதில்லை. உடலில் சேர்த்துவைத்த கொழுப்பின் வலிமையாலேயே நீரோட்டத்தை எதிர்த்து நீந்துகிறது.

முட்டையிடுதல்
பெண்மீன் கூழாங்கற்கள் நிறைந்த இடத்தைத் தேர்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் அடித்துக் குழி பறிக்கிறது. அக்குழியில் அது முட்டையிடும்பொழுதே ஆண்மீன் விந்துநீரைச் சொரிய, முட்டைகள் கருவுறுகின்றன. பின்னர்ப் பெண்மீன் சற்று மேலே சென்று மீண்டும் பறிக்க, அங்குப் பெயரும் கற்கள் முதற்குழியை மூடுகின்றன. இவ்வாறு ஒரு மீன் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. கல்லிடுக்குகளில் ஓடும் குளிர்நீரே அவற்றுக்கு உயிர்வளி தருகிறது. வண்டல் படிந்து இடுக்குகள் அடைபட்டால் அவை மடியும். பொரித்த குஞ்சுகள், வயிற்றோடு ஒட்டிய கருவுணவு தீரும்வரை கற்களுக்கிடையே மறைந்து வாழ்கின்றன.

முட்டையிடும் பருவம் முடிந்ததும் பெற்றோர் இரண்டும் இறந்துவிடுகின்றன. அவற்றின் உடல்கள் கரடிக்கும் கழுகுக்கும் உணவாகின்றன; கரைமரங்களுக்கு உரமாகின்றன; நீர்ப்பூச்சிகளை வளர்த்து, அவற்றின் வழியே ஆற்றில் வளரும் குஞ்சுகளுக்கும் இரையளிக்கின்றன.

அடைபட்ட வழி
அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் பாய்வது எல்வா ஆறு. மின்னாக்கத்திற்காக அதன் குறுக்கே 1913இல் ஓர் அணையும், அதற்கு மேலே 1927இல் மற்றோர் அணையும் கட்டி முடிக்கப்பட்டன. மீன்கள் ஏறிச்செல்லும் படிவழி அவற்றில் இல்லை. எனவே, கடலையொட்டிய ஏறத்தாழ 8 கிலோமீட்டர் மட்டுமே வலசை மீன்களுக்கு எஞ்சியது. முட்டையிடத் தேவையான கூழாங்கற்களும் அணைகளுக்குப் பின்னே தேங்கின. சால்மனை உணவாகவும் மரபாகவும் போற்றிய கிளாலம் பழங்குடியினர் அணைகளை அகற்றுமாறு நெடுங்காலம் குரல் கொடுத்தனர். ஆற்றை மீட்பதற்கான சட்டம் 1992இல் இயற்றப்பட்டது. 2011 முதல் 2014 வரை இரு அணைகளும் அகற்றப்பட்டன. கீழணை நீங்கிய 2012ஆம் ஆண்டிலேயே சினூக் மீன்கள் அவ்விடத்தைக் கடந்து மேலேறின.

கற்பவை கற்றபின்
‘ஆற்றின் மீது முதலுரிமை மின்தேவைக்கா, உயிரினங்களுக்கா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.