கரையும் வங்கியும்

ஒரு சொல் ஒரு பொருளையே உணர்த்தும் என்று எண்ணுவோர் மொழியின் இயல்பை அறியாதவராவர். நாள்தோறும் செவியில் விழும் 'பாங்க்' என்னும் ஆங்கிலச் சொல்லே இதற்குத் தக்க சான்றாகும்.

அச்சொல்லின் மூன்று பொருள்களையும் தாமிரபரணி நாட்டிலேயே காணலாம். பொதிகையிற் பிறந்து, பாபநாசம், திருநெல்வேலி வழியாகப் பாயும் அவ்வாற்றின் இருமருங்கிலும் உயர்ந்து நிற்கும் நிலத்தை ஆங்கிலேயர் 'பாங்க்' என்பர். தமிழர் 'கரை' என்பர். ஆறு கடலொடு கலக்குமிடத்திற்கு வடக்கே உள்ளது தூத்துக்குடி. அங்கு 1921ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'நாடார் பாங்க்', 1962இல் 'தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்க்' எனப் பெயர் மாறிற்று. ஈண்டு அச்சொல் பணம் பேணும் நிலையத்தைக் குறிக்கும். அதனைத் தமிழர் 'வங்கி' என்பர். அவ்வூரை அடுத்த கடலடியில் முத்துச்சிப்பிகள் வாழும் பாறைத்திட்டுகளுக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். முத்துக்குளிப்போர் அவற்றைப் 'பார்' என்பர்.

ஆற்றங்கரைக்கும் பணத்திற்கும் என்ன தொடர்பு? மேடு, விசுப்பலகை என்னும் பொருளுடைய பழைய ஜெர்மானியச் சொல்லொன்றே இவற்றின் வேர் என்பர் அறிஞர். மேடு கரையாயிற்று. இத்தாலிய நகரங்களில் நாணயம் மாற்றுவோர் முன்னே இட்டிருந்த பலகை, நாளடைவில் அவர்தம் தொழிலுக்கே பெயராயிற்று.

1906ஆம் ஆண்டு சென்னையில் ஆர்பத்னாட் என்னும் வங்கி நொடித்தது. பலர் தம் சேமிப்பை இழந்தனர். 2023 டிசம்பரில் பெய்த பெருமழையில் தாமிரபரணி பெருக்கெடுத்தது. குளக்கரைகள் பல உடைந்து ஊர்களுள் வெள்ளம் புகுந்தது. ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் 'பாங்க் உடைந்தது' என்னும் பொருள்படும் ஒரே தொடராற் கூறலாம். ஒன்றைக் கேட்டவர் பணத்தை மீட்க ஓடுவர். மற்றொன்றைக் கேட்டவர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டை நோக்கி ஓடுவர். பொருளைப் பிறழ உணர்ந்தவர் நிலை யாதாகும்?

இவ்வையத்தைத் தீர்க்கும் வழியைத் தொல்காப்பியர் என்றோ வகுத்துவிட்டார். பல பொருள் ஒருசொல்லின் பொருளை வினை, இனம், சார்பு என்னும் மூன்றால் தெளியலாம் என்பது அவர் கருத்து. 'பாங்க் கடன் கொடுத்தது' எனின், வினையே பொருளைக் காட்டும். 'பாங்க்கும் படித்துறையும்' எனின், உடன்வந்த இனம் காட்டும். 'பாங்க் உடைந்தது' என்புழி இவை உதவா. அடைமழையில் சொல்லப்பட்டதா, கடைத்தெருவில் சொல்லப்பட்டதா என்னும் சார்பே துணைநிற்கும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரைகண்ட சேனாவரையர், தாமிரபரணிக் கரையிலுள்ள ஆற்றூரினர் என்று கூறுவது ஈண்டு நினைத்தற்குரியது.

ஆங்கிலம் மட்டுமே இவ்வாறு மயங்கவைக்கும் என்று நகைத்தல் தகாது. 'கரை' என்னும் தமிழ்ச்சொல், ஆற்றின் ஓரத்தையும் சேலையின் விளிம்பையும் குறிக்கும். வினையாக வருங்கால், காகமும் கரையும், உப்பும் கரையும். பிறமொழியாளர்க்கு இது மயக்கம் தரும். தமிழ்க் குழந்தைக்குத் தாராது. அக்குழந்தை அச்சொல்லை அகராதியிற் கற்கவில்லை; வாழ்க்கையிற் கற்றது.

ஆதலின், மாணவர் அகராதியில் முதலிற் காணும் பொருளைக் கொண்டு அமைதியடைதலாகாது. சொல் நிற்கும் இடத்தையும், அதனொடு வரும் சொற்களையும் நோக்குதல் வேண்டும். இடமறிந்து பொருள் கொள்வதே மொழியறிவாகும்.