நிற வெப்பநிலையும் வீட்டுக்கான மின்குமிழ்த் தெரிவும்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம்
ஒளி, வெப்பம், மின் ஆகிய பாடப்பகுதிகளுக்கான துணைப் பாடம்

இப்பாடத்தைக் கற்று முடித்ததும் நீங்கள்,
• நிற வெப்பநிலை என்பதை வரையறுப்பீர்கள்.
• வாற்று, லுமென், கெல்வின் ஆகிய மூன்றையும் வேறுபடுத்துவீர்கள்.
• வீட்டின் ஒவ்வோர் அறைக்கும் பொருத்தமான மின்குமிழைக் காரணத்துடன் தெரிவுசெய்வீர்கள்.

1. அறிமுகம்

மின்சாதனக் கடையொன்றில் 9 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழ் கேட்டுப் பாருங்கள். "மஞ்சளா, வெள்ளையா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். இரண்டும் 9 வாற்றுத்தான். விலையும் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் ஒரு பெட்டியில் 3000 கெல்வின் என்றும் மற்றையதில் 6500 கெல்வின் என்றும் அச்சிடப்பட்டிருக்கும்.

"இலக்கம் கூடினால் வெளிச்சமும் கூடும்" என்று எண்ணி 6500ஐ வாங்கி, வீடு முழுவதும் அதனையே பூட்டுவோர் பலர். இந்த எண்ணம் தவறானது. அந்த இலக்கம் வெளிச்சத்தின் அளவைக் குறிப்பதன்று; ஒளியின் நிறத்தைக் குறிப்பதாகும். பரீட்சைக்காலத்தில் இரவிரவாகப் படிக்கும் உங்கள் கண்ணுக்கும் நித்திரைக்கும் இதனுடன் தொடர்புண்டு. ஆகவே இதனைப் பரீட்சைக்காக மட்டுமன்றி உங்களுக்காகவும் கற்றுக்கொள்ளுங்கள்.

2. கெல்வின் அளவிடை

கெல்வின் என்பது வெப்பநிலையின் அனைத்துலக அலகாகும். கெல்வின் பிரபு எனப் பின்னர் அழைக்கப்பட்ட வில்லியம் தொம்சன் 1848 ஆம் ஆண்டில் தனி வெப்பநிலை அளவிடையை முன்வைத்தார்.

கெல்வின் வெப்பநிலை = செல்சியஸ் வெப்பநிலை + 273

உதாரணம்: 2700 கெல்வினைச் செல்சியஸில் தருக.
2700 − 273 = 2427 பாகை செல்சியஸ்

3. வெப்பநிலைக்கும் நிறத்துக்கும் என்ன தொடர்பு?

கொல்லன் பட்டறையில் இரும்புத் துண்டொன்று உலையில் காய்ச்சப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் அது மங்கிய செந்நிறமாகத் தெரியும். மேலும் வெப்பமேறச் செம்மஞ்சளாகும், பின்னர் மஞ்சளாகும். வெப்பநிலை உயர உயர, காலப்படும் ஒளியில் குறுகிய அலைநீளங்களின் பங்கு கூடுவதே இதற்குக் காரணம். செந்நிற ஒளியின் அலைநீளம் நீண்டது. நீல ஒளியின் அலைநீளம் குறுகியது.

தன்மீது படும் கதிர்ப்பு முழுவதையும் உறிஞ்சும் இலட்சியப் பொருள் கரும்பொருள் எனப்படும். அது வெப்பமேறும்போது காலும் கதிர்ப்புப் பற்றிய விதியை 1900 ஆம் ஆண்டில் ஜேர்மனிய விஞ்ஞானி மக்ஸ் பிளாங்க் வெளியிட்டார். நிற வெப்பநிலை என்னும் கருத்து இக்கரும்பொருளையே அடிப்படையாகக் கொண்டது.

வரைவிலக்கணம்: ஒளிமுதல் ஒன்றின் நிறத்தை ஒத்த நிறமுடைய ஒளியைக் கரும்பொருள் ஒன்று காலுவதற்கு அது கொண்டிருக்க வேண்டிய வெப்பநிலை, அவ்வொளிமுதலின் நிற வெப்பநிலை எனப்படும்.

சில ஒளிமுதல்களின் அண்ணளவான நிற வெப்பநிலைகள்:
• மெழுகுதிரிச் சுவாலை – 1900 கெல்வின்
• தங்குதன் இழை மின்குமிழ் – 2700 கெல்வின்
• நண்பகல் நேர்ச் சூரியவொளி – 5500 கெல்வின்
• முகில் மூடிய வானம் – 6500 கெல்வின்
• தெளிந்த நீல வானம் – 10000 கெல்வினுக்கு மேல்

கவனிக்க: வழக்கில் மஞ்சள் ஒளியை "சூடான" ஒளி என்றும் நீலம் கலந்த வெள்ளொளியை "குளிர்ந்த" ஒளி என்றும் கூறுவர். ஆனால் கெல்வின் இலக்கம் குறைவாக இருப்பது மஞ்சள் ஒளிக்கே. "சூடு", "குளிர்" என்பன இங்கு மனத்தில் எழும் உணர்வையே குறிக்கின்றன. மாணவர் பலர் இவ்விடத்திலேயே மாறி எழுதிவிடுகின்றனர்.

4. 6500 கெல்வின் மின்குமிழ் உருகாதது ஏன்?

6500 கெல்வின் என்பது 6227 பாகை செல்சியஸ் ஆகும். தங்குதனின் உருகுநிலையோ 3422 பாகை செல்சியஸ். எனவே எந்தத் தங்குதன் இழையையும் 6500 கெல்வினுக்கு வெப்பமேற்ற இயலாது. அப்படியாயின் எல்.ஈ.டி. மின்குமிழ் இவ்வொளியை எவ்வாறு தருகிறது?

எல்.ஈ.டி. என்பது ஒளிகாலும் இருவாயி ஆகும். அது சூடேறி ஒளிர்வதில்லை. குறைகடத்திச் சந்தியில் இலத்திரன்கள் துளைகளுடன் சேரும்போது வெளிவிடப்படும் சக்தி ஒளியாகிறது. வெள்ளை எல்.ஈ.டி. மின்குமிழில் பொதுவாக நீல ஒளி காலும் இருவாயிகள் உள்ளன. அவற்றின் மேல் மஞ்சள் நிறப் பூச்சு ஒன்று உண்டு. இப்பூச்சு நீல ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சி, நீண்ட அலைநீளமுடைய ஒளியாக மாற்றிக் காலுகிறது. மிகுதி நீலமும் இவ்வொளியும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றுகின்றன.

நீலம் கூடுதலாக எஞ்சினால் 6500 கெல்வின். பூச்சினால் பெரும்பகுதி மாற்றப்பட்டால் 3000 கெல்வின். ஆகவே பெட்டியில் உள்ள இலக்கம் மின்குமிழின் உண்மையான வெப்பநிலை அன்று. அவ்வொளி எத்தகைய நிறத் தோற்றம் உடையது என்பதையே அது கூறுகிறது.

வினைத்திறன் மிக்க நீல எல்.ஈ.டி. உருவாக்கப்பட்ட பின்னரே வீட்டு விளக்குகளாக எல்.ஈ.டி. பயன்பட முடிந்தது. இதற்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, சூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014 ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

5. பெட்டியில் பார்க்க வேண்டியவை

(அ) வாற்று: மின்குமிழ் நுகரும் மின்வலு. மின்பட்டியலைத் தீர்மானிப்பது இதுவும் பாவிக்கும் நேரமுமே.

(ஆ) லுமென்: மின்குமிழ் தரும் ஒளியின் மொத்த அளவு. வெளிச்சம் போதுமா என்பதை அறிய இதனையே பார்க்க வேண்டும். 60 வாற்று இழை மின்குமிழ் தரும் ஒளியை ஏறத்தாழ 9 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழ் தந்துவிடும்.

(இ) கெல்வின்: ஒளியின் நிறத் தோற்றம். 2700 – 3000 மஞ்சள் சார்ந்தது. 4000 நடுநிலை வெள்ளை. 6500 நீலம் சார்ந்த வெள்ளை. பெட்டிகளில் இவை முறையே "வோம் வைற்", "கூல் வைற்", "டேலைற்" என்றவாறு எழுதப்பட்டிருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் இப்பெயர்கள் மாறுபடலாம். எனவே பெயரை நம்பாது இலக்கத்தைப் பாருங்கள்.

(ஈ) நிறங்காட்டும் சுட்டி: பொருள்களின் நிறங்களை அவ்வொளி எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதன் அளவு. உயர் பெறுமானம் 100. இழை மின்குமிழின் பெறுமானம் 100க்கு மிகக் கிட்டியது. வீட்டுக்கு 80 அல்லது அதற்கு மேற்பட்டதை வாங்குவது நன்று.

குழாய் விளக்குகளில் 865, 827 போன்ற மூவிலக்கக் குறியீடு காணப்படும். முதல் இலக்கம் 8 என்பது நிறங்காட்டும் சுட்டி 80களில் உள்ளதைக் குறிக்கும். அடுத்த இரண்டு இலக்கங்களை 100ஆல் பெருக்கினால் நிற வெப்பநிலை கிடைக்கும். எனவே 865 என்பது 6500 கெல்வின். 827 என்பது 2700 கெல்வின்.

6. எந்த அறைக்கு எது?

விதி ஒன்றை மட்டும் மனத்தில் இருத்துங்கள்: அறையின் பெயரைப் பார்த்து அன்று, அங்கு எந்த நேரத்தில் என்ன வேலை நடைபெறுகிறது என்பதைப் பார்த்தே மின்குமிழைத் தெரிவுசெய்ய வேண்டும்.

படிக்கும் மேசை: 4000 கெல்வின் அளவு பொருத்தமானது. பகலிலும் முன்மாலையிலும் 6500 கெல்வினும் தகும். போதிய லுமென் இருத்தல் அவசியம். வலக்கையால் எழுதுவோர் விளக்கை இடப்பக்கத்தில் வைத்தால் கையின் நிழல் எழுத்தில் விழாது. மேசையில் மட்டும் விளக்கை எரித்து அறையை முழு இருளாக விடாதீர்கள், கண் களைப்படையும்.

சமையலறை: 4000 கெல்வின் அளவும் உயர்ந்த நிறங்காட்டும் சுட்டியும் வேண்டும். மீனின் பூக்கள் சிவந்துள்ளனவா, அரிசியில் கல் உள்ளதா, மரக்கறி பழுதடைந்துள்ளதா என்பதை நிறத்தைக் கொண்டே அறிகிறோம். விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெட்டும் பலகையில் உங்கள் நிழலே விழும். எனவே அதனை வேலை செய்யும் இடத்துக்கு மேலே பொருத்த வேண்டும்.

வரவேற்பறையும் சாப்பாட்டறையும்: 2700 – 3000 கெல்வின். பொழுதுபட்ட பின் குடும்பத்தினர் இருந்து பேசும் இடத்துக்கு மென்மையான மஞ்சள் ஒளி இதமானது. அந்த அறையிலேயே பிள்ளைகள் படிப்பதாயின், படிக்கும் இடத்துக்குத் தனியாக 4000 கெல்வின் மேசை விளக்கொன்றை வையுங்கள்.

படுக்கையறை: 2700 கெல்வின், குறைந்த லுமென். காரணத்தை அடுத்த பகுதியில் காண்க.

குளியலறை, உடை மாற்றும் இடம்: 4000 கெல்வின். மஞ்சள் ஒளியில் நீலப் பங்கு குறைவு. ஆகவே கடுநீல உடை தெறிக்கச் செய்யும் ஒளி குறைந்து, அது கறுப்பாகத் தோன்றும்.

விறாந்தை, முற்றம்: 2700 கெல்வின். பூச்சிகள் பல நீல ஒளியாலும் கழியூதாக் கதிராலும் கூடுதலாகக் கவரப்படுகின்றன. மாரிகாலத்தில் ஈசல் மொய்ப்பதை மஞ்சள் ஒளி முற்றாக நிறுத்தாவிடினும் குறைக்கும்.

முக்கிய குறிப்பு: பிறந்த குழந்தைக்கு மஞ்சட்காமாலை உண்டா என்பதை மஞ்சள் ஒளியில் பார்க்கக் கூடாது. தோலிலும் கண்ணின் வெண்பகுதியிலும் உள்ள மஞ்சள் நிறம் அவ்வொளியில் மறைந்துவிடும். பகல் வெளிச்சத்தில் பார்த்து, ஐயம் இருப்பின் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். வீட்டில் குழந்தை இருப்பின் இதனைப் பெரியவர்களுக்கும் சொல்லுங்கள்.

7. இரவுப் படிப்பும் நித்திரையும்

விழித்திரையில் கோல்கள், கூம்புகள் தவிர வேறொரு வகை ஒளியுணர் கலங்களும் உள்ளமை 2002 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டப்பட்டது. இவை 480 நனோமீற்றர் அளவான நீல ஒளிக்குக் கூடிய உணர்திறன் உடையன. இவை "இது பகல்" என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. அப்போது நித்திரையுடன் தொடர்புடைய மெலற்றோனின் என்னும் ஓமோன் சுரப்பது குறைகிறது. பிரகாசமான வெள்ளொளியில் நெடுநேரம் இருந்துவிட்டுப் படுத்தால் நித்திரை வரத் தாமதமாவது இதனாலேயாகும்.

படித்தது மனத்தில் பதிவதற்கு நித்திரை அவசியம். எனவே படுக்கச் செல்வதற்கு ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலங்களுக்கு முன்னர் வெள்ளை விளக்கை அணைத்து, மஞ்சள் விளக்குக்கு மாறுங்கள். கடினமான கணக்குகளை முன்மாலையில் செய்து, மீட்டலை இந்நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நிறம் மட்டும் காரணமன்று. ஒளியின் பிரகாசமும் அதில் இருக்கும் நேரமும் காரணங்களே. மங்கிய வெள்ளை விளக்கை விட மிகப் பிரகாசமான மஞ்சள் விளக்குக் கூடுதலாகப் பாதிக்கலாம். கைத்தொலைபேசித் திரைக்கும் இது பொருந்தும்.

8. செயற்பாடு

தேவையானவை: பழைய இறுவட்டு ஒன்று, இழை மின்குமிழ், 3000 மற்றும் 6500 கெல்வின் எல்.ஈ.டி. மின்குமிழ்கள்.

இருண்ட அறையில் ஒவ்வொரு மின்குமிழாக எரித்து, அதன் ஒளி இறுவட்டில் தெறித்து உண்டாகும் நிறமாலையைப் பாருங்கள். இழை மின்குமிழில் செந்நிறம் மேலோங்கிய தொடர்ச்சியான நிறமாலை தெரியும். 6500 கெல்வின் எல்.ஈ.டி.யில் நீலப் பட்டை மிகத் தெளிவாகத் தெரியும். 3000 கெல்வினில் அது மங்கியிருக்கும்.

எச்சரிக்கை: சூரியனை இவ்வாறு பார்க்கக் கூடாது. மின்குமிழை மாற்றுமுன் ஆளியை அணைத்து, அது ஆறும் வரை பொறுத்திருங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

9. மாதிரி வினா விடை

பல்தேர்வு

1. 6500 கெல்வின் எனக் குறிக்கப்பட்ட எல்.ஈ.டி. மின்குமிழ் தொடர்பாகச் சரியான கூற்று,
(1) அதன் உட்பகுதி 6500 கெல்வின் வரை வெப்பமேறும்.
(2) அது 3000 கெல்வின் மின்குமிழை விட எப்போதும் கூடிய வலுவை நுகரும்.
(3) அதன் ஒளியில் நீலத்தின் பங்கு 3000 கெல்வின் மின்குமிழினதை விடக் கூடியது.
(4) அதன் ஒளியில் செந்நிறம் அறவே இல்லை.
விடை: (3)

2. நிற வெப்பநிலையின் ஏறுவரிசை யாது?
(1) நீல வானம், நண்பகற் சூரியவொளி, மெழுகுதிரி
(2) மெழுகுதிரி, நண்பகற் சூரியவொளி, நீல வானம்
(3) நண்பகற் சூரியவொளி, மெழுகுதிரி, நீல வானம்
(4) மெழுகுதிரி, நீல வானம், நண்பகற் சூரியவொளி
விடை: (2)

அமைப்புக் கட்டுரை

வீடொன்றில் நாளொன்றுக்கு 5 மணித்தியாலம் எரியும் 60 வாற்று இழை மின்குமிழுக்குப் பதிலாக 9 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழ் பூட்டப்பட்டது.

(அ) 30 நாள்களில் மீதமாகும் மின்னலகுகள் எத்தனை?
வலு வித்தியாசம் = 60 − 9 = 51 வாற்று
மீதமாகும் சக்தி = 51 × 5 × 30 = 7650 வாற்று மணித்தியாலம் = 7.65 அலகுகள்

(ஆ) இழை மின்குமிழின் திறன் குறைவாக இருப்பது ஏன்?
2700 கெல்வின் அளவில் இழை காலும் கதிர்ப்பின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிராகும். எனவே சக்தியின் பெரும்பகுதி ஒளியாகாமல் வெப்பமாகிறது.

(இ) "6500 கெல்வின் மின்குமிழே கூடிய வெளிச்சம் தரும்" என்னும் கூற்றைப் பற்றி யாது கூறுவீர்?
கூற்றுத் தவறானது. வெளிச்சத்தின் அளவு லுமெனில் தரப்படும். கெல்வின் ஒளியின் நிறத்தைக் குறிக்கும். லுமென் சமனாயின் இரண்டும் தரும் ஒளியின் அளவு சமனாகும்.

(ஈ) படுக்கையறைக்குப் பொருத்தமான மின்குமிழைக் காரணத்துடன் தருக.
குறைந்த லுமென் உடைய 2700 கெல்வின் மின்குமிழ். நீல ஒளி குறைவாதலால் மெலற்றோனின் சுரப்பு அதிகம் தடைப்படாது.

புள்ளி பெற: (இ), (ஈ) போன்ற வினாக்களுக்கு "தவறு" என்றோ "மஞ்சள் விளக்கு" என்றோ மட்டும் எழுதினால் போதாது. காரணத்தையும் எழுதினாலே முழுப் புள்ளி கிடைக்கும்.

10. நினைவிற் கொள்க

• வாற்று – செலவு. லுமென் – வெளிச்சம். கெல்வின் – நிறம்.
• கெல்வின் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்.
• நுணுக்கமான வேலைக்கு வெள்ளை. ஓய்வுக்கும் பின்னிரவுக்கும் மஞ்சள்.

இன்று வீட்டில் உள்ள மின்குமிழ்களைப் பார்த்து, அறை, வாற்று, கெல்வின் என மூன்று நிரல்களில் எழுதுங்கள். அவற்றுள் எதை எந்த அறைக்கு மாற்றலாம் என்று யோசியுங்கள். புதிதாக எதுவும் வாங்காமலே, படுக்கையறையிலுள்ள வெள்ளை மின்குமிழையும் சமையலறையிலுள்ள மஞ்சள் மின்குமிழையும் ஒன்றுக்கொன்று மாற்றிவிட்டால் போதுமானதாக இருக்கலாம்.