சேர்ந்து கிளம்புங்க... ஒட்டிக்கிட்டு ஓடாதீங்க!

மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, மாப்பிள்ளைக்கு பெல்ட்டுல ஓட்டை பத்தலைன்னு போன்ல புலம்பினியே, அக்காவுக்கும் அதே கதைதான் தங்கச்சி. முதல் நாள் மெரினாவுல நானும் உங்க அத்தானும் ஜோடியா ஓட ஆரம்பிச்சோம். மூணே நிமிஷம். அவர் எங்கேயோ போயிட்டார், நான் விலாவைப் பிடிச்சுக்கிட்டு பிளாட்பாரத்துல உட்கார்ந்துட்டேன். வீடு வர்ற வரைக்கும் பேச்சே இல்லை! நீங்க ரெண்டு பேரும் அப்படி ஆகாம இருக்கத்தான் இந்த டிப்ஸ்.

டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை: பி.பி., சுகர், மூட்டுவலி இருந்தாலோ, நாற்பதைத் தாண்டியிருந்தாலோ கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும். ஓடும்போது நெஞ்சை அடைச்சாலோ, தலை சுத்தினாலோ உடனே நிறுத்திடுங்க. வீம்பு வேண்டாம், நேரா டாக்டர்கிட்ட போங்க.

ஷூவுல கஞ்சத்தனம் கூடாது: மத்தபடி பழைய டி-ஷர்ட், டிராக் பேன்ட் போதும். சாயங்காலமா கடைக்குப் போ. அப்போதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், சரியான அளவு தெரியும். கால் விரலுக்கு முன்னாடி கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கணும். உனக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஒண்ணு அவசியம்.

நிமிஷத்தை எண்ணுங்க, கிலோமீட்டரை இல்ல: ஜாஷ் கிளார்க்னு ஒருத்தர் 1996-ல போட்டுக் கொடுத்த ‘கவுச் டு 5கே’ திட்டத்தைத்தான் நாங்க பிடிச்சுக்கிட்டோம். 9 வாரம், வாரத்துக்கு 3 நாள். முதல் வாரம் 5 நிமிஷம் வேகநடை. அப்புறம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடைன்னு மாத்தி மாத்தி 20 நிமிஷம். அவ்வளவுதான். ஒரு வாரம் கஷ்டமா இருந்தா அதையே திரும்பப் பண்ணுங்க. நான் நாலாவது வாரத்துல ஃபெயிலாகி மூணு தடவை படிச்ச பொண்ணு!

பேச முடியுதா பாருங்க: “வரும்போது கீரையும் பாலும் வாங்கிட்டுப் போயிடலாம்”னு முழுசா சொல்ல முடிஞ்சா வேகம் சரி. “கீரை...”யோட நின்னுட்டா, குறைங்க.

மணல்ல இறங்காதீங்க: கால் புதையுற மணல் ஆரம்பத்துல கெண்டைக்காலைப் பதம் பார்த்துடும். நடைபாதையே நல்லது. வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிடுங்க. தெருநாய் குரைச்சா ஓட்டத்தை நிறுத்தி, மெதுவா நடந்து தாண்டுங்க, ஓடினாத்தான் துரத்தும்.

ஓய்வு நாளும் பயிற்சிதான்: திங்கள், புதன், சனின்னு இடைவெளி விடுங்க. தசைவலி சில நாள்ல போயிடும். முழங்கால்லயோ, முன்னங்கால் எலும்புலயோ ஒரே இடத்துல குத்தினா, வலி போற வரைக்கும் ஓடாதீங்க.

வேலையையும் பங்கு போடுங்க: நீயும் ஓடி, வந்து நீயே லஞ்ச் பாக்ஸும் கட்டினா பத்தே நாள்ல வெறுத்துடும். காய் நறுக்குறது ராத்திரியே முடியணும். காலை காபி மாப்பிள்ளை பொறுப்பு.

கடைசியா, எங்க சண்டையைத் தீர்த்த சூட்சுமம்: கலங்கரை விளக்கத்துல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போன்ல 10 நிமிஷ அலாரம் வெச்சுக்கிட்டு கிளம்புவோம். அவரவர் வேகம் அவரவருக்கு. அலாரம் அடிச்சதும், எங்கே இருந்தாலும் சரி, அங்கேயே திரும்பிடணும். முன்னாடி போனவர் இப்போ எனக்குப் பின்னாடி! அவருக்குத் தூரம் அதிகம், எனக்குக் குறைச்சல். வேகம் மாறலைன்னா கிளம்பின இடத்துக்கு ஒரே நேரத்துல வந்து சேருவோம். போகும்போது அவர் வீறாப்பா பறந்திருந்தா, திரும்பும்போது நான்தான் முதல்ல வந்து காத்திருப்பேன்.

பின்னாடி இருந்து அவரோட ஷூ சத்தம் நெருங்க நெருங்க, என் கால் தானா வேகம் எடுக்கும் பாரு, அதுக்காகவே விடியுறதுக்கு முன்னாடி எழுந்திரிக்கலாம்.