மெஷின் கொடுத்தோம், பெல்ட் யார் வாங்குவது?

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளியில் 1994-ல் பத்தாவது முடித்தவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் பணம் திரட்டி, கணவரை இழந்த பத்துப் பெண்களுக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தோம். மண்டபம் பிடித்து விழா, சால்வை, சாப்பாடு எல்லாம் நடந்தது. போன தீபாவளிக்குப் போய்ப் பார்த்தால் இரண்டு பேர்தான் தைக்கிறார்கள். மூன்று பேர் விற்றுவிட்டார்கள். மற்ற வீடுகளில் மெஷின் மேல் துணி மடித்து வைத்திருக்கிறார்கள். 'நன்றி கெட்டவர்கள்' என்று குழுவில் ஒருவர் எழுத, பெரிய சண்டையாகிவிட்டது. எங்கே தப்பு செய்தோம் ஐயா?
– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: முதலில் அந்த நன்றி கெட்ட விஷயத்தை முடித்துவிடுவோம். விற்ற மூன்று பேரும் எந்த மாதத்தில் விற்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனாக இருக்கும், இல்லாவிட்டால் வீட்டில் யாருக்கோ காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரமாக இருக்கும். கையில் சேமிப்பு என்று ஒன்றும் இல்லாதவருக்கு வீட்டில் இருக்கும் பொருள்தான் சேமிப்பு. நீங்கள் மெஷின் என்று நினைத்துக் கொடுத்தீர்கள். அவசரத்துக்கு அது பணமாகிவிட்டது.

துணி மடித்து வைத்திருக்கும் ஐந்து வீட்டுக்கு வருவோம். மிதி மெஷினின் தோல் பெல்ட் தொய்ந்தால் வெட்டிச் சேர்க்க வேண்டும், அறுந்தால் புதிது வாங்க வேண்டும். பாபின் கேஸ் கெட்டால் டவுனுக்குப் போக வேண்டும். இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம், ஊரில் ஏற்கெனவே ஒரு டெய்லர் இருப்பார். கல்யாணப் பட்டு ஜாக்கெட்டை யாரும் புதுக்கையிடம் கொடுக்க மாட்டார்கள். ஃபால்ஸ் தைக்கவும் ஓரம் அடிக்கவும்தான் வரும், அதிலும் பாதி கடன் சொல்லிப் போகும். நைட்டி ரெடிமேடாகக் கிடைக்கிறது. இதற்கு நடுவே காலை ஆறு மணிக்கு மில் வேன் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. ஏறிப் போனால் சம்பளம் நிச்சயம். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பெண் வேனில் ஏறுகிறார் என்றால் அவர் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமத்தில், நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனம் வழியாகக் கலப்பினக் கறவை மாடு கொடுத்தோம். மாடு வந்து இறங்கிய அன்று மாலை போட்டு, பொட்டு வைத்து, போட்டோ எடுத்தோம். பால் சொசைட்டி ஏழு கிலோமீட்டர் தள்ளி. மாசிக்கு மேல் பசுந்தீவனம் கிடையாது. சித்திரையில் ஒரு பாட்டி என்னிடம், "சாமி, எனக்கே கஞ்சி இல்ல, இதுக்குத் தவிட்டுக்கு எங்க போவேன்?" என்று கேட்டார். ஆடி வருவதற்குள் முக்கால்வாசி மாடுகள் சந்தைக்குப் போய்விட்டன. எங்கள் ஆண்டறிக்கையில் மட்டும் அத்தனை மாடுகளும் நன்றாகக் கறந்தன.

பாட்டி கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் வங்கதேசத்தில் இருந்தார்கள். பிராக் என்ற தொண்டு அமைப்பு, சிறுகடன்கூட எட்டாத பரம ஏழைகளுக்காக 2002-ல் ஒரு திட்டம் தொடங்கியது. மாடோ ஆடோ கொடுப்பார்கள். அது வருமானம் தரும்வரை அடுப்பெரிய, கொஞ்ச காலத்துக்குக் கைச்செலவுக்குப் பணம் தருவார்கள். வளர்க்கக் கற்றுக்கொடுப்பார்கள், சேமிக்க வைப்பார்கள். இதற்கெல்லாம் மேலாக, ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒரு ஊழியர் அடிக்கடி வீட்டுக்கே வந்து பார்ப்பார். செலவில் கணிசமான பங்கு இந்த வந்து பார்க்கிற வேலைக்கே போகும்.

இதே முறையை இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், பெரு ஆகிய ஆறு நாடுகளில் சோதித்துப் பார்த்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த அந்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. அதை நடத்தியவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ இருவரும் 2019-ல் பொருளாதார நோபல் பெற்றார்கள். மொத்தத்தில், திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் அந்தக் குடும்பங்கள் முன்பைவிட நன்றாகச் சாப்பிட்டன. மேற்கு வங்கத்தில் பத்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நின்றிருந்தது. மாட்டினால் மட்டும் அல்ல. கையில் கொஞ்சம் தெம்பு வந்ததும் வீட்டிலிருந்து ஒருவர் வெளியூர் போய் நல்ல சம்பளத்துக்குச் சேர முடிந்தது.

உங்களுக்கு முக்கியமானது கானா. அங்கே ஒரு பிரிவினருக்கு மற்ற எதுவும் இல்லாமல் ஆட்டை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் அந்தக் குடும்பங்கள் ஆடு கிடைக்காத குடும்பங்களைவிட மேலே வந்துவிடவில்லை. உங்கள் மெஷினும் அந்த ஆடும் ஒன்று. எல்லாம் சேர்த்துக் கொடுத்தாலும் ஜெயிக்கும் என்று நிச்சயமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹோண்டுராஸில் கொடுத்த கோழிகளில் நிறைய நோய் வந்து செத்துப்போய், திட்டமே படுத்துவிட்டது.

ஆகவே புதிதாக எதுவும் வாங்காதீர்கள். அடுத்த ஒரு வருடம் திரட்டும் பணத்தில், அந்த ஊரிலேயே விவரம் தெரிந்த ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வையுங்கள். வாரம் ஒரு தடவை பத்து வீட்டுக்கும் போகட்டும். பெல்ட்டும் நூலும் பையில் இருக்கட்டும். தைக்கிற அந்த இரண்டு பேருக்கு எப்படி ஆர்டர் வருகிறது என்று அவரே கேட்டு வரட்டும். அரசுப் பள்ளிச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் தைக்கிறார்கள். உங்கள் பகுதிச் சங்கத்தில் உறுப்பினராக இவர்களைச் சேர்ப்பார்களா என்று போய் விசாரியுங்கள். 'சம்பளத்துக்கா நன்கொடை கொடுத்தோம்?' என்று குழுவில் நிச்சயம் ஒருவர் கேட்பார். ஆமாம், அதற்குத்தான் என்று சொல்லுங்கள். சம்பளம் வாங்கும் பெண்ணைப் போட்டோ எடுத்துப் போட்டால் லைக் விழாது, அவ்வளவுதான்.

கேள்வி: இலவசமாகக் கொடுத்தால் மதிப்பு தெரியாது, பத்துக்கு ஒன்றாவது விலை வைக்க வேண்டும் என்கிறார் எங்கள் சங்கத் தலைவர். சரியா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: பொருளைப் பொறுத்தது. கென்யாவில் கர்ப்பிணிகளுக்குக் கொசுவலை கொடுத்தபோது இதையே சோதித்தார்கள். முக்கால் டாலர்கூட இல்லாத ஒரு விலை வைத்ததும் வாங்குவோர் கூட்டம் மளமளவென்று குறைந்தது. சும்மா வாங்கியவர்களோ காசு கொடுத்து வாங்கியவர்கள் அளவுக்கு வலையைப் பயன்படுத்தினார்கள். உயிர் காக்கும் பொருளுக்கு விலை வைத்தால் மதிப்பு கூடாது, ஆள்தான் குறையும்.

இன்னொரு வழி நம் மதுரையிலேயே இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், முடிந்தவர்கள் கட்டணம் கட்டுகிறார்கள், முடியாதவர்களுக்கு அந்த வருமானத்திலிருந்து இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் கட்டுப்படியாகாது என்று 1992-ல் தாங்களே ஆரோலேப் என்ற தொழிற்கூடம் தொடங்கினார்கள். விலை வைப்பதென்றால் இப்படி, இருப்பவர்களிடம் வையுங்கள் என்று தலைவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நான்கு நண்பர்கள் சேர்ந்து ஞாயிறுதோறும் குடிசைப் பகுதியில் காலை இட்லி கொடுக்கிறோம். ஆறு வருடமாகிறது. அதே முகங்கள்தான் வருகின்றன. இதனால் எதுவும் மாறுகிறதா என்று சலிப்பாக இருக்கிறது.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பசித்தவருக்கு இட்லி கொடுப்பதற்கு வேறு நியாயம் தேவையில்லை. கொடுங்கள்.

சலிப்புக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். காமராஜர் காலத்தில் 1956-ல் பள்ளியில் மதிய உணவு தொடங்கியபோது ஊர்க்காரர்கள் நன்கொடைதான் அதற்கு ஆதாரம். அன்றைய கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போனார். அறுவடைக்கு அறுவடை தானியமாகக் கொடுத்தவர்கள் உண்டு. அப்படியே விட்டிருந்தால் மழை பொய்த்த வருடம் பிள்ளைகள் பட்டினிதான். அரசு தன் பங்கைச் சேர்த்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார். 2001-ல் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் அரசுத் தொடக்கப் பள்ளியில் சமைத்த உணவு கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. நன்கொடையாக இருந்தது கேட்டு வாங்கும் உரிமையானது. 2022-ல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவும் வந்தது.

உங்களிடம் ஆறு வருடமாக அதே முகங்கள் வருவது குறையே அல்ல. அந்த முகங்களின் பெயர் உங்களுக்குத் தெரியும். வரிசையில் நிற்கிற அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை வருகிறதா? கணவரை இழந்தவருக்கு ஆதரவற்ற விதவை உதவித்தொகை? இவை 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தன. வருடத்துக்கு 14,400. முதல் கேள்வி கேட்ட ஒட்டன்சத்திரத்து நண்பர் வாங்கிக் கொடுத்த மெஷினின் விலை அநேகமாக இதைவிடக் குறைவு. கட்டடத் தொழிலாளியாக இருந்தும் நலவாரிய அட்டை இல்லாதவர் எத்தனை பேர்? ஆதாரில் பிறந்த வருடம் தப்பாகி அறுபது வயதாகியும் ஐம்பத்திரண்டில் நிற்பவர்கள் எத்தனை பேர்?

ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரும் ஞாயிறு ஒருவர் இட்லி பரிமாறட்டும், ஒருவர் எழுதட்டும். திங்கட்கிழமை காலை லீவு போட முடிந்தவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போகட்டும். முதல் நாள் சர்வர் வேலை செய்யாது. இரண்டாம் நாள் வாரிசுச் சான்று கேட்பார்கள். மூன்றாம் முறை போகும்போது மனு நம்பரைக் கேட்டு வாங்கி அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் தாலுகா அலுவலகத்தில் பேச்சே எடுபடாது.