கேபின் ஹீட்டர் உணர்த்தும் செய்தி

இந்தியாவில் ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கேபின் கிடையாது. வெயிலையும் தூசியையும் ஓட்டுநர் தம் உடலிலேயே ஏற்றுக்கொள்கிறார். அண்மைக் காலமாகக் கண்ணாடிக் கேபினும் குளிர்சாதனமும் ஹீட்டரும் பொருத்திய டிராக்டர்கள் விற்பனைக்கு வந்துள்ளன. பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களின் விடியற்காலை மூடுபனியில் டிராக்டர் ஓட்டுபவர்களுக்கு இந்த ஹீட்டர் வெறும் சொகுசு அன்று. உடலுக்கு வெப்பம் தருவதோடு, முன்கண்ணாடியில் படியும் ஈரத்தை அகற்றிப் பாதையைக் காட்டுவதும் அதுவே. ஆகவே அது சரிவரச் சூடு தராதபோது காரணம் அறிவது அவசியமாகிறது. தவணை முடியும்வரை டிராக்டர் வங்கிக்கு அடமானப் பொருளாக இருப்பதால், இதில் கவனிக்க வேண்டிய வேறொரு செய்தியும் உண்டு.

ஹீட்டருக்கெனத் தனி நெருப்பு எதுவும் இல்லை. டீசல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட்டில் சேர்கிறது. அந்தச் சூடான நீர்மத்தின் ஒரு சிறு கிளை, ரப்பர் ஹோஸ் வழியாகக் கேபினில் உள்ள சிறிய ரேடியேட்டருக்கு வந்து திரும்புகிறது. இதனை ஹீட்டர் கோர் என்பர். மின்விசிறி அதன் ஊடே காற்றைத் தள்ளுகிறது. எனவே குறை எஞ்சின் வெப்பத்தில் இருக்கலாம், நீர்மத்தின் ஓட்டத்தில் இருக்கலாம், அல்லது காற்றின் ஓட்டத்தில் இருக்கலாம்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். சிறிய டீசல் எஞ்சின் சுமையின்றி மெதுவாக ஓடும்போது அதிக வெப்பத்தை உண்டாக்காது. வீட்டு வாசலில் நிறுத்தி அரைமணி நேரம் ஓடவிட்டு, “சூடே வரவில்லை” என்று முறையிடுவதில் பொருள் இல்லை. சற்று நேரம் சுமையோடு வேலை செய்தபின் சோதிப்பதே முறை.

சோதனையின் தொடக்கம் கூலன்ட் அளவு. எஞ்சின் முற்றிலும் ஆறியபின் மட்டுமே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வெந்து போகச் செய்யும். அளவு குறைந்திருந்தால் நிரப்புவதோடு நில்லாமல் அது எங்கே போயிற்று என்று தேட வேண்டும். வெப்பமானி மேலே ஏறியிருக்க, கேபினில் குளிர்காற்று வீசினால் அதனை அபாய அறிகுறியாகக் கொண்டு எஞ்சினை உடனே நிறுத்துக. நீர்மம் மிகக் குறைந்து, ஹீட்டர்வரை எட்டவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

அளவு சரியாக இருந்தால், ஹீட்டருக்குச் செல்லும் ஹோஸ், அதிலிருந்து திரும்பும் ஹோஸ் ஆகிய இரண்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும். விசிறி, பெல்ட் ஆகியவற்றின் அருகே கை போகாதபடி, எஞ்சினை நிறுத்திய உடனே தொடுவது நல்லது. வேலை செய்த எஞ்சினின் ஹோஸ் கையைச் சுடும் என்பதால் ஒரு கணம் தொட்டால் போதும்.

இரண்டும் நல்ல சூடாக இருந்தும் காற்றில் சூடு இல்லையெனில், நீர்மத்தில் குறை இல்லை; காற்றைக் கவனிக்க வேண்டும். அறுவடைத் தூசியால் அடைபட்ட கேபின் ஃபில்டரே பெரும்பாலும் காரணமாக இருக்கும். வெளிக்காற்றை இழுக்கும் நிலையிலேயே கதவு சிக்கிக்கொண்டிருப்பதும் உண்டு.

ஒன்று சூடாகவும் மற்றொன்று மிகவும் ஆறியும் இருந்தால் ஓட்டத்தில் தடை. இங்கே ஹீட்டர் வால்வைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கோடை முழுவதும் மூடிக்கிடந்த வால்வு துருவேறி இறுகிவிடும். உள்ளே குமிழைத் திருப்பினாலும் கம்பி மட்டும் நகரும், வால்வு அசையாது. வால்வுக்கு முன் சூடும் பின் குளிரும் தென்பட்டால் ஐயம் தீர்ந்தது. வால்வு சரியெனில் கோர் அடைபட்டிருக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றும் வழக்கம் இதற்கு ஒரு பெருங்காரணம். கடின நீரின் உப்பு, மெல்லிய குழாய்களில் சுண்ணாம்புப் படலமாகப் படிகிறது. குறைந்த அழுத்தத்தில் எதிர்த்திசையில் நீர் செலுத்திக் கழுவலாம். கடும் அமிலம் அலுமினியக் கோரை அரித்துவிடும். கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த நீரோடு கலப்பதே முறை.

கேபின் கூரையில் ஹீட்டர் அமைந்த வண்டிகளில் இன்னொரு தொல்லை உண்டு. காற்று எப்போதும் உயரமான இடத்தைத் தேடிச் சேரும். கூலன்ட் மாற்றியதற்கு மறுநாளே ஹீட்டர் நின்றுபோனால், கோரில் காற்று சிறைப்பட்டிருக்கக்கூடும். அதனை வெளியேற்றும் முறை வண்டியின் கையேட்டில் இருக்கும்.

இரண்டு ஹோஸ்களும் வெதுவெதுப்பாகவே இருந்து, வெப்பமானியின் முள்ளும் தாழ்ந்தே நின்றால் தெர்மோஸ்டாட்டைப் பார்க்க வேண்டும். இந்தப் பகுதியே இக்கட்டுரையின் உட்கரு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை மூடி வைத்து, பெரும்பாலும் 80 டிகிரி செல்சியஸைக் கடந்தபின் திறந்துவிடும் சிறு கதவு இது. எஞ்சின் அளவுமீறிச் சூடாகிறது என்று வண்டியைக் கொண்டுபோனால், இதனைக் கழற்றி எறிந்துவிட்டு “இனிக் கவலையில்லை” என்று அனுப்பும் வழக்கம் நம் பட்டறைகள் பலவற்றில் இன்றும் இருக்கிறது. அது நோயைத் தீர்க்காது. வெப்பமானியை மட்டும் சமாதானப்படுத்தும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இல்லாதபோது குறுக்குவழி திறந்தே கிடந்து, நீர்மத்தில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே சுற்றுவதால், கடும் வேலையில் சூடு மேலும் ஏறுவதும் உண்டு.

குளிர்ந்தே ஓடும் எஞ்சினில் டீசல் முழுமையாக எரியாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கிறது. ஆயில் நீர்த்து, பிஸ்டன் வளையங்களும் சிலிண்டரும் விரைவில் தேய்கின்றன. எரிபொருள் செலவும் கூடுகிறது. இவை எவையும் ஒரு வாரத்தில் தெரியவரா. தவணை பாதி கட்டி முடிந்த வேளையில் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் செலவாக அவை வந்து நிற்கும். மோட்டார் காப்பீடு இயந்திரத் தேய்மானத்திற்குப் பொதுவாக இழப்பீடு தருவதில்லை. தெர்மோஸ்டாட்டின் விலையோ அந்தச் செலவில் மிகச் சிறு பங்கு.

தெர்மோஸ்டாட் உண்டா, இயங்குகிறதா என்பதைக் கழற்றாமலே அறியலாம். ஆறிய எஞ்சினை இயக்கி, ரேடியேட்டரின் மேல்ஹோஸைக் கவனிக்க வேண்டும். அது சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடாக வேண்டும். தொடக்கத்திலிருந்தே எஞ்சினோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சூடேறினால், தெர்மோஸ்டாட் திறந்தே சிக்கியிருக்கிறது, அல்லது அங்கே அது இல்லவே இல்லை.

கழற்றியதைச் சமையலுக்குப் பயன்படாத பாத்திரத்தில் நீரிலிட்டுச் சூடாக்கி, திறக்கிறதா என்று பார்ப்பது பழைய முறை. இன்றும் நல்ல முறை. ஆனால் மலையில் அது ஏமாற்றும். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில் நீர் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்குமேல் சூடாகாது. 88 என்று பொறித்த தெர்மோஸ்டாட், பழுதில்லாமலே அங்கே திறக்க மறுத்ததாகத் தோன்றும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் சரியாக இருப்பது மலைப்பகுதியில் இன்னும் முக்கியம் என்பதற்கும் இதுவே காரணம்.

பாதுகாப்புப் பற்றிச் சில சொற்கள். கேபினில் இனிப்பு மணம் வீசி, கண்ணாடியில் எண்ணெய்ப்பசை போன்ற மூட்டம் படிந்தால் கோர் கசிகிறது. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. தரையில் சிந்தியதை நாயோ கன்றோ நக்கிவிடக் கூடாது. ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று மூடிய கேபினுக்குள் கரியடுப்பு வைப்பதை எக்காரணத்தாலும் அனுமதிக்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்கச் செய்தே உயிரைப் பறித்துவிடும்.

ஹீட்டரே தேவைப்படாத தமிழ்நாட்டு வயல்களுக்கும் இதில் ஒரு பயன் உண்டு. ஹீட்டர் வால்வு முழுமையாக மூடாவிட்டால், கோடையிலும் சூடான நீர்மம் கேபினுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். குளிர்சாதனம் எவ்வளவு உழைத்தாலும் அறை குளிராது. வாயுவை நிரப்பப் பணம் செலவிடுமுன், வால்வைத் தாண்டிய ஹோஸ் சூடாக இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்க்கவும்.