ஓங்கில் சூடிய இளவரசர்

பிரெஞ்சு அரசரின் மூத்த மகனுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் வழங்கிய பட்டப்பெயர் 'தோஃபன்' என்பதாகும். இதன் நேர்ப்பொருள் இளவரசரும் அன்று, வாரிசும் அன்று. கடலில் துள்ளும் ஓங்கிலே!

இச்சொல்லின் வேர் கிரேக்கத்தில் உள்ளது. ஓங்கிலைக் குறிக்கும் 'டெல்பிஸ்' என்னும் சொல், கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. மீன்போல் தோன்றினும் கருவைச் சுமந்து குட்டி ஈனும் உயிரி அன்றோ அது! இச்சொல் இலத்தீனில் 'டெல்பினுஸ்' ஆகிப் பிரெஞ்சில் 'தோஃபன்' எனத் திரிந்தது. ஆங்கிலமோ பிரெஞ்சிலிருந்து இதனை இருமுறை கடன்பெற்றது. உயிரிக்கு ஒரு வடிவம், இளவரசருக்கு மற்றொரு வடிவம்.

விலங்கின் பெயர் பட்டமானது எவ்வாறு? தென்கிழக்குப் பிரான்சில், ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய அல்போன் பகுதியை ஆண்ட நான்காம் கீக் என்பவர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இதனைத் தம் பெயராகக் கொண்டிருந்தார். அவர் வழிவந்தோர் அதனையே பட்டமாக்கினர். கொடிச்சின்னத்திலும் ஓங்கிலைப் பொறித்தனர். அவர்தம் நாடும் 'தோஃபினே' எனப்பட்டது. பெயர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆகிவரும் இப்போக்கு நம் ஆகுபெயரை நினைவூட்டும்.

அம்மரபின் இறுதி ஆட்சியாளர் இரண்டாம் உம்பேர். ஒரே மகனை இழந்து, கடனிலும் மூழ்கிய அவர், 1349இல் தம் நாட்டைப் பிரெஞ்சு அரச குடும்பத்திற்கு விற்றுவிட்டுத் துறவு பூண்டார். நாட்டோடு பட்டமும் கைமாறியது. அதனை முதலில் ஏற்றவர், பின்னாளில் ஐந்தாம் சார்லஸ் என அரசாண்ட பதினொரு வயதுச் சிறுவர். இளவரசரின் மனைவி 'தோஃபின்' எனப்பட்டார். மரி அந்துவானெத் அரசியாகும் முன் தாங்கிய பட்டம் அதுவே.

ஒரு சொல்லுக்குள் ஓர் அரசின் உரிமைப்போரே அடங்கியதும் உண்டு. 1422இல் தந்தை இறந்ததும் ஏழாம் சார்லஸ் தம்மை அரசர் என்றார். ஆங்கிலேயர் அதனை ஏற்கவில்லை. அவருக்காகப் போரிட்ட ஜோன் ஆஃப் ஆர்க்கும் அவரைத் தோஃபன் என்றே அழைத்தார். ரைம்ஸ் நகரில் திருமுழுக்கெண்ணெய் பூசி முடிசூடாதவர் அவர்தம் பார்வையில் அரசரல்லர். 1429 சூலை 17 அன்று முடிசூட்டு விழா நிறைவேறிய பின்னரே 'அரசர்' என்னும் சொல் அவர் வாயில் வந்தது.

1830இல் பட்டம் மறைந்தது; சொல் மறையவில்லை. இன்றைய பிரெஞ்சில், தலைவர் தமக்குப்பின் வரவேண்டியவராகக் கருதுபவரும் தோஃபன். போட்டியில் இரண்டாமிடம் பெறுபவரும் தோஃபன்.